ஒரு படி தவிடும் என் இடுப்பு வலியும்

பிள்ளை பெறுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர ஊரே இருந்தது. பெற்ற பிறகு மிச்சமிருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. பேறுகாலம் ஆனவள் எழுந்து நடமாடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. குருவிகுளத்துப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில் பிறந்து, சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்த ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். தலைப்பிரசவம் வழக்கப்படி தாய்வீட்டில். பெண் பிள்ளை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நானும் நல்லபடியாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு என்னை என் அம்மா பிடித்துக்கொண்டாள்.

என் அம்மா வெந்நீர் ஊற்றுவதில் பேர் போனவள். நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீரைச் செம்பில் மோந்து, தலைக்கு மேலே கையை ஓங்கி, சரியாக இடுப்பில் அடிப்பாள். அடித்து ஊற்றினால்தான் உடம்பு இறுகும் என்பது அவள் கணக்கு. ஊற்றி முடித்ததும் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டுவாள். முழங்காலால் என் விலாவில் ஒரு அண்டை கொடுத்து இழுப்பாள் பாருங்கள், மூட்டை கட்டுகிறவன்கூட அப்படி இழுக்கமாட்டான். பூண்டும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய மருந்து உருண்டை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தண்ணீர் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் வயிறு போட்டுவிடுமாம். மாசி மாத வெயிலுக்கே நாக்கு உலர்ந்து கிடந்தேன்.

இத்தனையும் செய்தாயிற்று. வலி மட்டும் போகவில்லை. போகாததுகூடப் பரவாயில்லை, மூன்று மாதம் கழித்து அது புதிதாக இடம் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் இடுப்பு. அப்புறம் குதிகால். அப்புறம் இரண்டு மணிக்கட்டும், கட்டைவிரல் பக்கம். ஒரு டம்ளரைத் தூக்கினால் கை வெடுக்கென்று இழுக்கும். நான் அவளுக்குத் தெரியாமல் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டேன், அதனால்தான் என்றாள் அம்மா. குடித்தேன், உண்மைதான். திரும்பவும் குடித்திருப்பேன்.

ஐந்தாம் மாதம் பிள்ளையையும் என்னையும் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து விட்டார்கள். என் மாமியார் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிற மாதிரி இடுப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உங்க வீட்டில் ஒழுங்காக வெந்நீர் ஊற்றவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த தடவை பார்க்க வந்த அம்மாவின் காதில் அது விழுந்து, இரண்டு வீட்டுக்கும் என் இடுப்பை வைத்து ஒரு சின்னச் சண்டையே நடந்தது. இடுப்பு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கம் முழுக்கத் தறிகள். அதற்குப் பின்னால் ஒரு அறை. அதற்கும் பின்னால் அடுக்களை, கடைசியில் கொல்லை, கொல்லையில் ஒரு எருமை. அந்த நடு அறைதான் எனக்கும் பிள்ளைக்கும். ஜன்னல் ஒன்று இருந்தது. திறந்தால் தறி ஓட்டுகிற ஆட்களுக்கு நான் தெரிவேன் என்று ஆணி அடித்து வைத்திருந்தார்கள். காலையில் தறியைத் தட்டிவிட்டால் பொழுது சாய்கிறவரை ஓடும். தரை அதிரும், சுவர் அதிரும், படுத்திருக்கிற என் இடுப்பும் சேர்ந்து அதிரும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பிள்ளை அந்தச் சத்தத்தில்தான் தூங்கப் பழகிக்கொண்டது.

அந்த வீட்டில் எல்லாமே முழங்காலுக்குக் கீழே இருந்தன. அடுப்பு கீழே. அம்மியும் ஆட்டுரலும் கீழே. குளிப்பது, துவைப்பது, சாப்பிடுவது, தார்க்குச்சியில் நூல் சுற்றுவது எல்லாம் குத்தவைத்துத்தான். கீழே போவதுகூட எப்படியாவது நடந்துவிடும். அங்கிருந்து எழுந்து வருவதுதான் பெரும்பாடு. சுவரைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து எழும்போது என்னை அறியாமல் ஒரு முனகல் வரும். அதை வெளியே விடாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. ஆனால் விட்டாலும் கேட்காது. தறி ஓடுகிறதே. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சுதந்திரம் அதுதான் என்று சொல்வேன். வேண்டுமட்டும் முனகிக்கொள்ளலாம்.

வலியை ஏன் மறைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் எனக்கு ஒரு ஒரகத்தி உண்டு, என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணம் ஆகி வெகு நாளாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. நல்ல மனுஷி. ஓங்குதாங்கான உடம்பு, எருமையைத் தனியாகவே அடக்கிக் கறந்துவிடுவார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுக்கத் திணறும்போதெல்லாம் அவர் வாசல் நிலையில் நின்றுகொண்டிருப்பார். வந்து எடுக்கமாட்டார், நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருப்பார். எனக்குக் கூப்பிடப் பயமாக இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டால் பிறகு நிறுத்த முடியாது என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

என்னைக் காட்டிக்கொடுத்தது கரண்ட்டுதான். ஒருநாள் முற்பகலில் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, தூக்கிக்கொண்டு எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன். வழக்கம்போல முனகினேன், நன்றாகவே முனகினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டு போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றது. அந்த அமைதியில் என் சத்தம் மட்டும் தனியாக வீட்டைச் சுற்றி வந்தது. தறியாட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். என் கணவர் கேட்டார். அடுக்களையில் இருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். பிள்ளை என் கையில் இருந்து நழுவிக்கொண்டிருந்தது. ஒரகத்தி ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வாங்கியதுதான்.

மாமியார் பாசமில்லாதவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்காகச் செய்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண் எடுத்துவந்து, குழைத்து என் இடுப்பில் பூசினார். அது காய்ந்து, வெடித்து, சேலையெல்லாம் மண்ணாகி உதிர்ந்தது. அப்புறம் உரு வாங்கிப் போடுவோம் என்றார். எங்கள் கோயிலில் அது வழக்கம். எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். பாம்பு, தேள் எல்லாம்கூட உண்டு. கடைக்காரர் தட்டைக் கிளறிக் கிளறிக் காட்டினார். கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, தொட்டில்கூட இருந்தது. இடுப்பு மட்டும் இல்லை. இடுப்புக்கு உரு அடிக்கிறதில்லை அம்மா, யாரும் கேட்டதில்லை என்றார். முழுப் பெண் உருவம் ஒன்று இருந்தது, அதை வாங்கிப் போடுவோமே என்றேன் நான். முழு ஆளுக்குமா நோவு என்று மாமியார் என்னைக் கடிந்துகொண்டார். கடைசியில் ஒரு காலும் ஒரு கையும் வாங்கிப் போட்டோம். நடுவில் இருப்பதை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டோம்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். லேடி டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். பிள்ளை பெற்ற உடம்பு கூடிவர மாதக்கணக்கு ஆகும், கட்டுவதும் அடித்து ஊற்றுவதும் வேண்டாம், குனியாதே, தரையில் உட்காராதே, கனம் தூக்காதே, தன்னால் சரியாகும் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அவர் சொன்னபடி நடக்க எனக்கு வேறு ஒரு வீடு வேண்டும். மாமியார் அந்தப் பேச்சில் கடைசித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டார். டாக்டரே தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், இனிப் பெரியவள் பிள்ளையைத் தூக்கட்டும் என்றார். குனியாமல் ஆட்டுரலில் எப்படி மாவாட்டுவது என்று யாரும் டாக்டரிடம் கேட்கவில்லை. மாவை நான்தான் ஆட்டினேன்.

இப்படியாகப் பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் பிள்ளை என்னிடம் வந்தது. குடித்து முடித்ததும் ஒரகத்தி வந்து எடுத்துக்கொள்வார். அவர் இடுப்பில் அது ஏறி உட்காருகிற விதத்தைப் பார்த்தால் அந்த இடுப்பு அதற்கென்றே வளைந்தது என்று தோன்றும். நான் நடு அறையில் படுத்து ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஒன்றை வெளியே காட்டி மற்றதை முழுங்கினேன்.

இதோடு நின்றிருந்தால் சரிதான். ஆடி பிறந்தது. என் வலி அப்படியே இருந்தது. மாமியார் ஒரு ஜோசியரிடம் போய்வந்தார். பிள்ளையின் நட்சத்திரம் பெற்றவளுக்கு ஆகாது, அதனால்தான் வலி போகமாட்டேன் என்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். பரிகாரம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வேறு ஒருத்தி ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அவள்தான் தாய். தோஷம் ஏமாந்துபோய் விலகிவிடும். பிள்ளை தங்காத வீடுகளில் செய்வார்கள், கேள்விப்பட்டிருந்தேன். இடுப்பு வலிக்குச் செய்தது எங்கள் வீட்டில்தான்.

என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் தறியின் நாடாவை மாதிரி, இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருப்பவர், ஒரு பக்கமும் நிற்கமாட்டார். சும்மா சடங்குதானே, உனக்கும் வலி போகும், மதினிக்கும் ஒரு ஆறுதலாக இருக்கும் என்றார். ஒரே வீட்டில்தானே இருக்கிறது பிள்ளை, எங்கே போய்விடப் போகிறது என்றும் கேட்டார். ஒரே வீட்டில் இருந்தபடியே ஒரு பிள்ளை வெகுதூரம் போய்விடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு காலைப்பொழுதில் கொல்லைப்பக்கம் அது நடந்தது. அரிசி புடைக்கிற சுளகில் பிள்ளையைக் கிடத்தினார்கள். அது காலை உதைத்துச் சிரித்தது. ஒரகத்தி ஒரு படி தவிட்டை என் மடியில் கொட்டினார். எருமைக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையில் இருந்து எடுத்ததுதான். வாங்குகிறவளும் விற்கிறவளும் ஒரே வீடு, தவிடும் ஒரே மூட்டை. மாமியார் கேட்டார், "மனசோட குடுக்கியாட்டி?" குடுக்கேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரகத்தி குனிந்து, ஒரு வீச்சில் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இனி அவர் அம்மா, நான் சித்தி. மறந்தும் என்னை நான் அம்மா என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மடியில் இருந்த தவிட்டை எருமைத் தொட்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து என் வலி எனக்குச் சொந்தமாக இல்லாமல் போயிற்று. எப்படி என்று சொல்கிறேன். இடுப்பு எப்படி இருக்கிறது என்று மாமியார் கேட்பார். பரவாயில்லை என்று சொன்னால், தவிடு பலித்துவிட்டது என்று அர்த்தம். பலித்ததைத் திருப்பி எடுத்தால் தோஷமும் திரும்பிவிடும், ஆகவே பிள்ளை அங்கேயே இருக்கட்டும். இன்னும் வலிக்கிறது என்று சொன்னால், தோஷம் இன்னும் முழுசாக விலகவில்லை, ஆகவே பிள்ளை அங்கேயே இருக்கட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். நோவு கடுமையாக இருக்கும்போல, பேசக்கூட முடியவில்லை என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் பேருக்குப் பெரியவன் பேரையே போட்டுவிடலாம் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் சொன்னார். என் கணவர் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார், குடித்து முடித்தார். சும்மா சடங்கு என்று யாரும் அப்போது சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் உண்மையில் பயந்தேன்.

பிள்ளையைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. வழி கிடைத்தால் தூக்குவதற்கு உடம்பாவது இருக்க வேண்டாமா? அதனால் உடம்பைப் பழக்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் உடம்பை நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டதுதான். துணியைக் கையால் முறுக்காமல் கல்லில் போட்டுக் காலால் மிதித்துப் பிழிந்தேன். தறிக்குப் பாவு நூல் சுற்றுகிற உருளை, பீம் என்பார்கள், ஒன்று உடைந்துபோய்க் கொல்லையில் கிடந்தது. அதை அடுக்களைக்கு உருட்டிவந்து அதன்மேல் உட்கார்ந்து காய் நறுக்கினேன். மாமியார் முகத்தைச் சுளித்தார், டாக்டர் சொன்னார் என்றேன். வயிற்றுக்கட்டை அவிழ்த்தேன். மத்தியானத்தில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் வைத்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நூல் கட்டு. தறிக்கு வருகிற நூல் கட்டு ஒன்றை நடு அறைக்குள் வைத்துக்கொண்டு, என் பழைய சேலையால் சுற்றி, தரையில் கிடத்துவேன். ஒரு முழங்காலை ஊன்றி, முதுகை வளைக்காமல், அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, காலால் எழுவேன். மணிக்கட்டு வலித்தால் முழங்கை மடிப்பில் ஏந்திக்கொள்வேன். முதலில் பாதி எழுந்து விழுந்தேன். தறிச்சத்தத்தில் அழவும் செய்தேன். வர வர எழ முடிந்தது. வலி போய்விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அது எந்தெந்த வழியில் வரும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். நூல் கட்டைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நடப்பேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அதற்கும் ஒரு உரு வாங்கிப் போட்டிருப்பார்கள்.

அதற்குள் பிள்ளை வளர்ந்து கனத்துவிட்டது. தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, எந்நேரமும் ஒரகத்தியின் இடுப்பில்தான். அவரைப் பார்த்து அம்மா என்றது. முதல் சொல்லே அதுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் பீம் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரகத்தி கொல்லைக் கதவு நிலைக்கு அந்தப்பக்கத் தாழ்வாரத்தில் பிள்ளையோடு இருந்தார். கரண்ட்டு போனது. தறிகள் நின்றன. அந்த அமைதியில் ஒரு முனகல் கேட்டது. அது எனக்கு மிகவும் பழக்கமான சத்தம். ஒரு கணம் நான்தான் முனகிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன். ஒரகத்தி ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கையால் நிலையைப் பிடித்து, பிள்ளையைத் தூக்க முடியாமல் பாதியில் நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. எருமையைத் தனியாக அடக்குகிற அந்த உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஒரே பக்கம் இடுக்கிக்கொண்டு வேலையெல்லாம் பார்த்தால் எந்த இடுப்புதான் தாங்கும்? என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓடிய பயம் இருக்கிறதே, அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அத்தைகிட்ட சொல்லிராத" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாமியார் திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை போதும். பெற்றவளுக்கு ஆகாத பிள்ளை வாங்கினவளுக்கும் ஆகவில்லை என்று சொன்னால் போதும், அவர்களுடைய நியாயப்படியே பிள்ளை ஒரகத்தியின் கையை விட்டுப் போய்விடும். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. நாக்கு நுனியில் வந்து நின்றது. அவரோ தரையில் பிள்ளையோடு உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சட்டியை அடுப்பில் வைத்து உப்பை வறுத்தேன். துணியில் முடிந்து, அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, இடுப்பில் வைத்தேன். சூடு பட்டதும் அவர் அழ ஆரம்பித்தார். பெறாமலே எனக்கு வந்திட்டு பாத்தியா என்று அழுகைக்கு நடுவில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளை எங்கள் இரண்டு பேர் மேலும் மாறி மாறி ஏறியது. மாமியாரிடம் நான் சொல்லவில்லை. பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லிவிடலாமா என்று அடுத்த நாளும் நினைத்தேன், அதற்கடுத்த நாளும் நினைத்தேன்.

அவரே சொல்லிவிட்டார். ஒரு காலையில் மாமியாரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, பிள்ளையைச் சுளகில் கிடத்தினார். அது எங்கே கிடந்தது, எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"அத்தை, பெத்தவளுக்கு ஆகாத பிள்ளைன்னு எனக்கு வித்திய. எனக்கும் ஆகலை. நிமிர முடியலை" என்றார்.

மாமியார் அசந்துபோனார். அப்படியென்றால் தோஷம் இந்த வீட்டையே பிடித்திருக்கிறது, பக்கத்துத் தெருவில் வேறு யாராவது தவிடு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஒரகத்தி அசையவே இல்லை.

"தவிடு குடுத்து வாங்கினது நான். இப்பம் யாருக்கு விக்கணும்னு நான்தான சொல்லணும்?"

மாமியாருடைய சடங்கு, அவருடைய நியாயம். அதை அவரே எப்படி மறுப்பார்? ஒரகத்தி என் பக்கம் திரும்பி, போய்த் தவிடு எடுத்து வா என்றார். நான் ஓடினேன். மூட்டையில் இருந்து படியில் மோந்து வந்து அவர் மடியில் கொட்டினேன். ஓடிவந்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. மனசோடு கொடுக்கிறாயா என்று மாமியார் அவரையும் கேட்டார், குரலில் முன்பிருந்த அதிகாரம் இல்லை. கொடுக்கிறேன் என்றார் ஒரகத்தி.

சுளகு தரையில் இருந்தது. ஒரு முழங்காலை ஊன்றினேன். முதுகை வளைக்காமல், பிள்ளையை முழங்கை மடிப்பில் ஏந்தி, நெஞ்சோடு சேர்த்து, காலால் எழுந்தேன். நூல் கட்டைவிடக் கனம். நூல் கட்டு திமிறாது, இது திமிறியது, ஒரகத்தியைப் பார்த்துக் கையை நீட்டி அம்மா என்று கத்தியது. எழும்போது நான் முனகினேன். முன்பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, யாருக்கும் கேட்டிருக்காது.

வலி அப்புறமும் இருந்தது. அடுத்த ஆடி வரைக்கும் குளிர்காற்று பட்டால் மணிக்கட்டு சொல்லும், ஆட்டுரலில் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு சொல்லும். டாக்டர் சொன்ன மாதிரி தன்னால்தான் தேய்ந்து போயிற்று, எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பேச்சு வந்த பிறகு பிள்ளை என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது, அதை நிறுத்த வெகுகாலம் ஆனது. அவரை அம்மா என்று கூப்பிடுவதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

பிள்ளையை நான் திரும்ப வாங்கிய அன்று மத்தியானம் அது என் பக்கத்தில் அழுது அழுது தூங்கிப்போனது. நான் உப்பை வறுத்து முடிந்துகொண்டு ஒரகத்தியிடம் போனேன். அவர் அடுக்களையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடுப்பில் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். இப்பம் எப்படிக்கா இருக்கு என்று கேட்டேன்.

"தூக்கும்போதுதான் வலிச்சுது. இப்பம் தூக்காமலே வலிக்கு."

நான் முடிச்சைத் திருப்பி, சூடு இருக்கிற பக்கத்தை வைத்தேன்.